டிராயிங் போடும் முன்: சிறுதொழில் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஒசூர், அம்பத்தூர், மதுரை என்று ஊர்தோறும் இயங்கும் சிறுதொழில் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அரங்குகளில் அவ்வப்போது பேட்டன்ட் (காப்புரிமை) விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கிறது. "உங்கள் கண்டுபிடிப்பைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சிறு நிறுவனமென்றால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான், ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய், செலவைத் திருப்பித் தர அரசுத் திட்டங்கள் இருக்கின்றன என்கிறார்கள். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் பத்து இருபது பேரை வைத்து இயந்திரம் கட்டும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. தான் கட்டப்போகிற இயந்திரம் ஏற்கெனவே இன்னொருவருடைய பேட்டன்ட்டுக்குள் விழுகிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடச் சொல்லித்தரும் கூட்டம் அரிதிலும் அரிது. அதை உங்களிடம் கேட்கத்தான் இந்த மடல்.

கூட்டம் முடிந்து வெளியே வரும் உறுப்பினர்களில் பாதிப் பேர் ஒரு தவறான நம்பிக்கையோடு போகிறார்கள்: "நான் பேட்டன்ட் வாங்கிவிட்டால் என்னை யாரும் கேட்க முடியாது." 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு கொடுப்பது பிறரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. செய்யவோ பயன்படுத்தவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லலாம், அவ்வளவுதான். உங்களைச் செய்ய அனுமதிக்கும் உரிமம் அதில் இல்லை. உருளை அமைப்புக்கு ஒருவரிடம் பேட்டன்ட் இருக்கிறது. அதே உருளை அமைப்பில் நீங்கள் ஒரு நல்ல மாற்றம் செய்து உங்கள் பெயரில் பேட்டன்ட் வாங்குகிறீர்கள். உங்கள் சான்றிதழுக்கு ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். இயந்திரத்தை விற்க அவருடைய அனுமதி வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, தேவையில்லாத பயத்தில் நல்ல தொழிலைக் கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தாலி இயந்திரத்தின் மேல் அமெரிக்க பேட்டன்ட் எண் ஒன்று பொறித்திருக்கும். அதைப் பார்த்ததும் "வேண்டாம் சார், கேஸ் ஆகும்" என்று விட்டுவிடுவார்கள். பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்க எண்ணுக்கு இங்கே செல்வாக்கில்லை. இந்தியாவிலும் அதே கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்குக் காலக்கெடு உண்டு. நேரடியாக வருவதென்றால் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதம், பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் போடும் பன்னாட்டு விண்ணப்ப வழியாக வருவதென்றால் 31 மாதம். முதல் விண்ணப்பம் 2021 மார்ச் 10 என்றால் 2023 அக்டோபர் 10-உடன் இந்தியக் கதவு மூடிவிட்டது. அதற்குப் பிறகு ஆறேழு மாத இடைவெளி விட்டு, அந்தப் பன்னாட்டு எண்ணை வைத்து இந்தியத் தளத்தில் தேடி, எதுவும் இல்லையென்றால் அந்த வடிவமைப்பை இங்கே செய்து இங்கேயே விற்க அந்த பேட்டன்ட் தடையாகாது. ஏற்றுமதி என்றால் கணக்கு மாறும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் இயந்திரத்துக்கு இலங்கையின் 2003-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம், அமெரிக்காவுக்கு அனுப்பினால் அமெரிக்கச் சட்டம். சரக்கு போய்ச் சேரும் நாட்டையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

தேடும் வழியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். உங்கள் அலுவலகத்தில் கணினி தெரிந்த ஒரு பொறியாளருக்கு இது போதும்.

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளம் இலவசம். வெளியான விண்ணப்பங்கள், வழங்கப்பட்ட பேட்டன்ட்கள் இரண்டும் அதில் உண்டு. தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் கட்டப்போகிறவர் "கோகோநட்" என்று தட்டிவிட்டு, வந்த பத்துப் பதினைந்தைப் பார்த்து முடித்துவிடுவார். அங்கேதான் தவறுகிறது. விண்ணப்பத்தை எழுதுகிற முகவர் எல்லையை அகலப்படுத்தவே பார்ப்பார். தலைப்பில் தேங்காய் என்றே இருக்காது, "வேளாண் விளைபொருளின் வெளியுறை நீக்கும் கருவி" என்றிருக்கும். ஆகவே சொல்லை நம்பாமல், ஒவ்வொரு ஆவணமும் எந்தத் தொழில்நுட்ப வகையில் சேரும் என்று அலுவலகங்கள் போடும் பன்னாட்டு வகைக் குறியீட்டை நம்ப வேண்டும். தேங்காய் உரிக்க, உடைக்கப் பயன்படும் இயந்திரங்களுக்கு ஏ23என் 5/03. முதலில் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பேஸ்நெட் என்ற இலவச உலகத் தேடுதளங்களில் ஒன்றில் உங்கள் இயந்திரத்துக்கு மிக நெருங்கிய இரண்டு மூன்று ஆவணங்களைக் கண்டுபிடியுங்கள். அவற்றின் முதல் பக்கத்தில் என்னென்ன குறியீடுகள் போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதே குறியீடுகளை இன்பாஸில் போட்டுத் தேடுங்கள். பிறகு சொற்கள்: உரித்தல், தோல் நீக்கல், நார் பிரித்தல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும், அவற்றின் எழுத்து வேறுபாடுகளோடு. கடைசியாகப் போட்டியாளர்களின் பெயர்கள். நிறுவனப் பெயரில் இல்லாமல் உரிமையாளர் பெயரிலோ ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரிலோ விண்ணப்பம் இருப்பது வழக்கம் என்பதால் அந்தப் பெயர்களையும் போட வேண்டும்.

எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாத ஒரு பகுதி உண்டு. விண்ணப்பம் 18 மாதம் வரை வெளியாகாமல் இருக்கும். நேற்று ஒருவர் விண்ணப்பித்தது இன்றைய தேடலில் வராது. இதற்கு மருந்து திரும்பத் தேடுவது மட்டுமே. டிராயிங்குக்கு முன் ஒரு தடவை, மாதிரி இயந்திரம் ஓடி முடிந்ததும் ஒரு தடவை, பேட்டர்னுக்கும் டைக்கும் பெரும்பணம் போடுவதற்கு முன் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் தேடிய தேதி, போட்ட சொற்கள், கிடைத்த எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள்.

எண் கிடைத்ததும் அந்த பேட்டன்ட் உயிரோடு இருக்கிறதா என்று காப்புரிமை அலுவலகத்தின் மின்பதிவேட்டில் பார்க்க வேண்டும். விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு என்பது உச்சவரம்பு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் கட்டிக்கொண்டே வர வேண்டும், விட்டால் பேட்டன்ட் காலாவதி. கல்லூரிகளும் தனிநபர்களும் ஆர்வத்தில் வாங்கி ஐந்தாறு ஆண்டில் கட்டணத்தை விட்டுவிடுவது உண்டு. அவசரப்பட வேண்டாம். காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்டுத் தரச் சொல்லி விண்ணப்பிக்க அவர்களுக்கு வழி உண்டு. இடைப்பட்ட காலத்தில் நம்பித் தொழில் தொடங்கியவருக்கு 62-ஆவது பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது என்றாலும், அந்த 18 மாதம் கழிந்த பேட்டன்ட்தான் நிம்மதியானது. 20 ஆண்டு முடிந்த பேட்டன்ட்டையும், அப்படிக் கட்டணம் விட்டுப்போன பேட்டன்ட்டையும் யாரும் எடுத்துச் செய்யலாம். டிராயிங்கும் விளக்கமும் சேர்த்து இலவசமாகக் கிடைக்கும் இவ்வளவு பெரிய புதையலை நம் பட்டறைகள் திறந்தே பார்ப்பதில்லை என்பது எங்கள் நீண்ட நாள் ஆதங்கம்.

இனி உயிரோடு இருக்கும் பேட்டன்ட்டை எப்படிப் படிப்பது என்பது. படத்தைப் பார்த்து "நம்மளது மாதிரியே இருக்கே" என்று பயப்படுவதும், சுருக்கத்தைப் படித்து "நம்மளது வேற" என்று நிம்மதி அடைவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். சட்டம் பார்ப்பது கடைசியில் எண்ணிட்டு வரும் கிளெய்ம்களை, அதாவது தன் உரிமையின் எல்லை எது என்று பேட்டன்ட்காரர் எழுதிவைக்கும் வாக்கியங்களை. அதிலும் விண்ணப்பத்தோடு வெளியான கிளெய்ம்களை விட்டுவிட்டு, ஆய்வு முடிந்து வழங்கப்பட்ட கிளெய்ம்களை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே எல்லை பெரும்பாலும் சுருங்கியிருக்கும்.

உதாரணத்துக்கு நாமே ஒரு கிளெய்ம் எழுதிக்கொள்வோம். இது எந்த உண்மையான பேட்டன்ட்டிலிருந்தும் எடுத்ததல்ல. "தேங்காய் மட்டை உரிக்கும் கருவி, அதில் ஒரு சட்டகம், எதிரெதிர்த் திசையில் சுழலும் பல் பதித்த இரு உருளைகள், தேங்காயை உருளைகள்மேல் அழுத்தும் ஸ்பிரிங் கை, உருளை சிக்கும்போது மோட்டாரின் மின்னோட்ட உயர்வை உணர்ந்து உருளைகளைப் பின்னோக்கிச் சுழற்றும் கட்டுப்பாட்டுப் பகுதி ஆகியவை அடங்கும்." இதை நான்கு வரிசையாக உடைத்து ஒரு தாளின் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் உங்கள் இயந்திரத்தில் அதற்கு எதிராக என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். நான்கும் உங்களிடம் இருந்தால் மீறல். ஒன்று அறவே இல்லையென்றால் அந்தக் கிளெய்ம் உங்களைத் தொடாது. நீங்கள் கூடுதலாகக் கன்வேயர், சல்லடை, சரிவுத் தட்டு எது சேர்த்திருந்தாலும் தப்பிக்க உதவாது. "அடங்கும்" என்று எழுதப்பட்ட கிளெய்ம், கூட்டிச் செய்ததையும் பிடிக்கும். விடுபட்டதுதான் கணக்கு.

இப்போது உங்கள் இயந்திரத்தில் சிக்கலைத் தவிர்க்க ஷியர் பின் (சுமை மீறினால் தானே உடைந்து இயந்திரத்தைக் காக்கும் ஊசி) வைத்திருக்கிறீர்கள், பின்னோக்கிச் சுழற்றும் ஏற்பாடே கிடையாது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது வரிசை காலி. நல்லது. ஆனால் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக்காக விஎஃப்டி என்ற மின்னணுப் பெட்டி ஒன்று போட்டிருக்கிறீர்கள், அதில் ஓவர்லோடில் தானே பின்னோக்கிச் சுழற்றும்படி செட்டிங் வைக்க முடியும் என்றால், நிலைமை வழுக்கும். சர்வீஸ் செய்யப் போகும் உங்கள் ஆளே வாடிக்கையாளர் கேட்டாரென்று அதை ஆன் செய்துவிட்டு வருவார். அந்த நிமிடம் நான்காவது வரிசை நிரம்பிவிட்டது. அந்த செட்டிங்கைப் பூட்டி அனுப்புவது, ஓவர்லோடில் நிற்க மட்டும் செய்யும் என்று கையேட்டில் எழுதுவது, சர்வீஸ் ஆளிடம் காரணத்தைச் சொல்லிவைப்பது ஆகிய மூன்றும் டிசைன் வேலையின் பகுதியே.

அடுத்த மாதிரி: ஸ்பிரிங் கைக்குப் பதில் நியூமேட்டிக் சிலிண்டர் போட்டுவிட்டு "மாத்திட்டோம்" என்று சொல்கிறவர். இது ஆபத்து. அதே வேலையை அதே விதத்தில் செய்து அதே பலனைத் தரும் மாற்றுப் பாகத்தை நீதிமன்றம் சமமானதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஃபிலிம் ஸ்டிரிப் பார்க்கும் ஒரு விளையாட்டுக் கருவி தொடர்பான ராஜ் பிரகாஷ் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம், முக்கியமல்லாத விவரங்களை மாற்றுவதால் மட்டும் மீறலிலிருந்து தப்ப முடியாது, கண்டுபிடிப்பின் சாரத்தைப் பார்க்க வேண்டும் என்றது. அப்படியானால் எது சாரம், எது சில்லறை? இதற்கு ஒரு நல்ல சாட்சி இன்பாஸிலேயே இருக்கிறது. அந்த விண்ணப்பத்தின் ஆவணங்களைத் திறந்தால் அலுவலகம் அனுப்பிய முதல் ஆய்வறிக்கையும், அதற்கு விண்ணப்பதாரர் கொடுத்த பதிலும் இருக்கும். "இரு உருளைகள் பழையவைதான், எங்கள் புதுமை பின்னோக்கிச் சுழற்றும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்று அவரே அங்கே எழுதியிருந்தால், நாளை நீதிமன்றத்தில் அந்தக் கட்டுப்பாடு முக்கியமில்லை என்று அவர் வாதிடுவது கடினம். இந்தப் பதில் கடிதத்தைப் படிக்காமல் யாரும் மாற்று டிசைன் போடக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான கருத்து.

"படித்தால்தான் ஆபத்து, தெரியாமல் செய்தால் தப்பலாம்" என்ற அறிவுரையும் உலவுகிறது. அமெரிக்காவில் தெரிந்தே மீறினால் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே பிறந்த பயம் வீடியோக்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நம் சட்டத்தில் மூன்று மடங்கு ஏற்பாடு இல்லை. 111-ஆவது பிரிவில், பேட்டன்ட் இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபிப்பவரிடம் இழப்பீடு வாங்க முடியாது என்று இருப்பது உண்மை. பொருளின்மேல் எண் போடாமல் வெறுமனே "பேட்டன்ட்" என்று அச்சிட்டிருந்தால் அது போதிய அறிவிப்பாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் தடையாணையிலிருந்து அந்தப் பிரிவு காப்பாற்றாது. சிறு உற்பத்தியாளரை மூடவைப்பது பெரும்பாலும் இழப்பீடு அல்ல, தடையாணைதான். சீசனில் மூன்று மாதம் இயந்திரம் வெளியே போகவில்லையென்றால் வங்கித் தவணையே ஆளை முடித்துவிடும்.

தடையாணையின் கனத்துக்கு நம் ஊர் வழக்கே உதாரணம். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பது தொடர்பான பஜாஜ் ஆட்டோவின் பேட்டன்ட்டை வைத்து, டிவிஎஸ் நிறுவனத்தின் ஃபிளேம் மோட்டார் சைக்கிளுக்கு 2008 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் என்ஜினில் வால்வு மூன்று, அவர்களுடையதில் இரண்டு என்பது டிவிஎஸ் தரப்பு வாதங்களில் ஒன்று. 2009 மே மாதம் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம், விற்பனையைத் தொடரலாம், கணக்கு வைக்க வேண்டும், விசாரணையை விரைந்து முடிக்க வேண்டும் என்றது. இடையில் ஒரு பிளக் வைத்த என்ஜினோடு அந்த வண்டி சந்தைக்கு வந்துவிட்டது. மாற்று டிசைனைக் கையில் தயாராக வைத்திருப்பவருக்குத் தடையாணை ஒரு தடங்கல். மற்றவருக்கு ஷட்டர்.

"எங்கள் பேட்டன்ட்டை மீறுகிறீர்கள்" என்று நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு பக்கத் தாளாக அச்சடித்துக் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை இவை.

எதிர்த்தரப்புக்குப் போன் போட்டுப் பேசக் கூடாது. "தெரியாம பண்ணிட்டோம், நிறுத்திடறோம்" என்று வாட்ஸப்பில் அனுப்புவது ஒப்புதல் வாக்குமூலம். எதையும் அழிக்கவும் கூடாது. பழைய செய்திகள், டிராயிங், பில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அழித்தது தெரிந்தால் நீதிபதியின் முகம் மாறிவிடும். உறையில் உள்ள அஞ்சல் முத்திரையோடு நோட்டீஸைப் பாதுகாத்து, வந்த தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து "தெரியாது" என்ற வாதம் கிடையாது.

நோட்டீஸில் எண் இருக்கிறதா பாருங்கள். விண்ணப்ப எண்தான் என்றால் பேட்டன்ட் இன்னும் வழங்கப்படவில்லை, வழக்குப் போட முடியாது. ஆனால் வழங்கப்பட்ட பிறகு, விண்ணப்பம் வெளியான தேதி வரை பின்னோக்கி இழப்பீடு கேட்க 11ஏ பிரிவு இடம் தருகிறது. டிசைன் பதிவு எண் என்றால் அது வேறு சட்டம், 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம். அது பார்ப்பது தோற்றத்தை மட்டும், ஆயுள் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. கிரைண்டரின் உடல் வடிவத்துக்கு வந்த டிசைன் நோட்டீஸை பேட்டன்ட் என்று நினைத்து உள்ளே உள்ள கியரை மாற்றுவதில் பயனில்லை.

வழங்கப்பட்ட பேட்டன்ட்தான் என்றால் அன்றே மின்பதிவேட்டில் நிலையைப் பார்த்து, மேலே சொன்ன வரிசைத் தாளைப் போட்டு, வழக்கறிஞரிடம் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சம். உடனே கேவியட் போடுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்படி, உங்களுக்குத் தெரிவிக்காமல் இடைக்கால உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே பதிவு செய்வது அது. 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்றம், உங்கள் மாவட்ட நீதிமன்றம் இரண்டிலும் போடுங்கள். ஆன்லைனில் நாடு முழுக்க விற்கிறவர் டெல்லியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அங்கே விற்றதைக் காட்டி அங்கேயே வழக்குப் போடலாம் என்பதால். வழக்கைத் தூண்டிவிடுமோ என்று கேவியட்டுக்குத் தயங்குபவர்கள் உண்டு. நோட்டீஸுக்குக் காசு செலவழித்தவர் ஏற்கெனவே யோசித்துவிட்டார்.

மிரட்டல் வெறும் மிரட்டலாக இருந்தால் 106-ஆவது பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம். உங்கள் டீலர்களுக்குக் கடிதம் எழுதிப் பயமுறுத்துகிறவருக்கு எதிராக இது நல்ல ஆயுதம். பேட்டன்ட் இருக்கிறது என்று மட்டும் தெரிவிப்பது மிரட்டலாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 105-ஆவது பிரிவு இன்னொரு வழி: உங்கள் இயந்திரத்தின் முழு விவரத்தையும் கொடுத்து, மீறல் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும்படி பேட்டன்ட்காரரிடம் கேட்பது, மறுத்தாலோ பதில் தராவிட்டாலோ நீதிமன்ற அறிவிப்புக் கேட்பது. இதை நாங்கள் சிறியவர்களுக்கு அதிகம் பரிந்துரைப்பதில்லை. போட்டியாளரிடம் முழு டிராயிங்கையும் நீங்களே ஒப்படைக்கிறீர்கள். வழக்குச் செலவும் பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். அந்த வழக்கில் பேட்டன்ட் செல்லாது என்று வாதாடவும் முடியாது.

செல்லாது என்று வாதாடுவதுதான் பல சமயம் வலுவான வழி. வழங்கப்பட்டுவிட்டது என்பதாலேயே ஒரு பேட்டன்ட் செல்லுபடியாகும் என்று நம் சட்டம் உத்தரவாதம் தருவதில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர்ப் பட்டறைக்காரர்கள் சம்பந்தப்பட்டது. பாத்திரங்களைக் கடைசலில் பிடித்துத் தேய்த்து மெருகேற்றும் முறைக்கு 1951-ஆம் ஆண்டு தேதியிட்ட பேட்டன்ட். புதுமையோ கண்டுபிடிப்புத் திறனோ இல்லை, பட்டறைத் தேர்ச்சி மட்டுமே என்று 1978-இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. தனித்தனியாக வேலை செய்யும் பழைய கருவிகளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது கண்டுபிடிப்பாகாது என்று 3(எஃப்) பிரிவும் சொல்கிறது. ஆனால் தேதியோடு சான்று வேண்டும். "எங்க அப்பா காலத்துல இருந்தே இப்படித்தான் பண்றோம்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது. பாகத்தின் பெயரோடு உள்ள பழைய பில், கண்காட்சியில் வைத்த கேட்டலாக், தேதியிட்ட டிராயிங், வாங்கியவரின் முகவரி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரத்தின் படம் இவையெல்லாம் நிற்கும். "மெஷின் - 1 நம்பர்" என்று பில் போடும் வழக்கத்தை உங்கள் உறுப்பினர்கள் இன்றே விட வேண்டும். மாடல், முக்கிய அமைப்பு, டிராயிங் எண் மூன்றும் பில்லில் வரட்டும்.

வழங்கப்படும் முன்பே தடுப்பது இன்னும் மலிவு. இங்கேதான் சங்கத்துக்கு நேரடி வேலை. விண்ணப்பம் வெளியான பிறகு, வழங்கப்படும் முன், 25(1) பிரிவில் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். சங்கமே போடலாம். வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்முன் பேட்டன்ட் வழங்கக் கூடாது என்பது விதி, அதனால் குறைந்தது அவ்வளவு அவகாசம் உண்டு. தவறவிட்டால், வழங்கியது வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் 25(2) பிரிவில் எதிர்ப்பு; ஆனால் அதற்கு அந்தத் துறையோடு தொடர்புடையவராக இருக்க வேண்டும். அதுவும் போனால் உயர்நீதிமன்றம்தான். 2023 முதல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு படி ஏறும்போதும் செலவு பல மடங்காகும்.

பிறர் தரும் டிராயிங்கின்படி கூலிக்குப் பாகம் செய்து தரும் ஜாப் ஒர்க் செய்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சே தங்களுக்கு இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்மேல் அறிவுசார் சொத்துத் தகராறு எதுவந்தாலும் முழு நட்டத்தையும் வழங்குநர் ஈடுசெய்ய வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பது சகஜம். டிராயிங் அவர்களுடையது, மெட்டீரியல் அவர்கள் சொன்னது, நமக்குக் கிடைப்பது கிலோவுக்கு இத்தனை ரூபாய் மெஷினிங் கூலி. வழக்கு வந்தால் மட்டும் நாம். தனி ஆளாகக் கேட்டால் "இஷ்டம்னா எடு" என்பார்கள். சங்கத்தின் பெயரில் மாதிரி வாசகம் ஒன்று இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும். எங்கள் பரிந்துரை: "வாங்குபவர் தந்த டிராயிங், மாதிரி, விவரக்குறிப்பு ஆகியவற்றின்படி செய்த பொருள்மீது எழும் காப்புரிமைக் கோரிக்கைகளுக்கு வாங்குபவரே பொறுப்பு. வழங்குநர் தாமே தேர்ந்த அமைப்புக்கு மட்டும், அந்த ஆர்டரில் பெற்ற தொகை வரை மட்டும், பொறுப்பு." முதல் வாக்கியத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னால்கூட, பெற்ற தொகை வரை என்ற உச்சவரம்பை விட வேண்டாம். இதையும் மறுத்தால், டிராயிங் தந்தது யார், எந்தத் தேதியில் என்பதைக் காட்டும் மின்னஞ்சலையாவது பத்திரப்படுத்துங்கள்.

இறக்குமதிப் பாகங்கள் பற்றிச் சுருக்கமாக. இரட்டை சிம் போன்களுக்கு மதுரைக்காரர் ஒருவர் பேட்டன்ட் வாங்கி, அதைச் சுங்கத்துறையில் பதிவு செய்து, துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சரக்கு நின்றதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். பின்னர் 2012-இல் அந்த பேட்டன்ட் ரத்தானது. 2018 ஜூனில் சுங்க விதிகளிலிருந்து பேட்டன்ட் நீக்கப்பட்டது. அந்த வழியில் சரக்கை நிறுத்துவது இப்போது இல்லை, நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆனால் இறக்குமதியும் மீறலே என்பதில் மாற்றமில்லை. சீனாவில் வாங்கினேன் என்பது பதிலாகாது.

ஆகவே சங்கங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய கட்டடமோ நிதியமோ அல்ல. வாரத்தில் இரண்டு அரை நாள் உட்காரும் ஒரு பொறியாளர், ஒரு கணினி, ஒரு இரும்பு அலமாரி. தேடுதளங்கள் எல்லாம் இலவசம். காப்புரிமை அலுவலக இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது. உங்கள் ஊர்த் தொழிலுக்குரிய குறியீடுகளை மட்டும் அதிலிருந்து பொறுக்கி, ஒரு பக்கச் சுருக்கம் தமிழில் எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்பட்டும். "இதை நாங்கள் முன்பே செய்துகொண்டிருக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அவருடைய பில்லையும் டிராயிங்கையும் நகலெடுத்து அலமாரியில் வைத்து, எதிர்ப்பு மனுவுக்கு முகவரிடம் போகட்டும். இரண்டு மூன்று பேட்டன்ட் முகவர்களிடம் வரிசைத் தாள் சரிபார்ப்புக்கு, எதிர்ப்பு மனுவுக்கு, நோட்டீஸ் பதிலுக்கு என்று முன்கூட்டியே தொகை பேசி வையுங்கள். பதற்றத்தில் பேசும் தொகை எப்போதும் கூடுதல். சென்னையில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. உங்கள் பொறியாளருக்குத் தேடல் பயிற்சி கேட்க அது நல்ல இடம்.

தொடங்குவதற்கான குறியீடுகளையும் தந்துவிடுகிறோம். பம்புக்கு எஃப்04டி, மோட்டாருக்கு எச்02கே, அரைவை இயந்திரங்களுக்கு பி02சி, வீட்டுச் சமையல் கருவிகளுக்கு ஏ47ஜே, நூற்பு இயந்திரங்களுக்கு டி01எச், பேக்கிங் இயந்திரங்களுக்கு பி65பி, தேங்காய்க்கும் கொட்டை உடைப்புக்கும் ஏ23என் 5. அடுத்த செயற்குழுவில் இவற்றில் உங்கள் ஊருக்கு எவை என்று முடிவு செய்தால், அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இதழிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
சிறு பட்டறைகளோடு பணியாற்றும் பேட்டன்ட் முகவர்களும் இயந்திர வடிவமைப்பாளர்களும் சிலர்